கரடி தண்ணீரில் இறங்கிய கதை



சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் எங்கள் கரடியின் படத்தைப் போட்டாலும் போட்டோம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேராவது மறித்து அவனைப் பற்றிக் கேட்கிறீர்கள். "உண்மையிலேயே அது நாயா?" என்பது சின்னவர்களின் கேள்வி. "இதுக்கு எவ்வளவு சாப்பாடு போகும்?" என்பது பெரியவர்களின் கேள்வி. ஆனால் இந்த மாதம் வந்த ஒரு கேள்விக்குத் தேநீர் மேசையில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிறு பாடசாலைக்கு வரும் ஒரு தம்பி கேட்டது அது.

"அக்கா, எங்கட வீட்டுக்கும் ஒரு லப்ரடோர் குட்டி வந்திருக்கு. நாலு மாசம். கனடா தினத்துக்கு ஏரிக்குப் போறம். நாய்க்குப் பிறக்கேக்கயே நீச்சல் தெரியும்தானே? அப்பிடியே விடலாமோ?"

இல்லை தம்பி, அப்படியே விடக்கூடாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மாதப் பத்தி முழுவதும். வழக்கம்போல அக்காவும் தங்கையுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். எங்கள் வீட்டில் நடந்த பிழைகளையும் மறைக்கப் போவதில்லை. அவற்றில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு நெஞ்சு படபடக்கும்.

முதலில் கரடி யார் என்று சொல்லிவிடுகிறோம். அவன் நியூஃபவுண்ட்லாந்து இனம். கறுப்பு நிறம், தடித்த மயிர், குட்டியாக வந்தபோதே கரடிக்குட்டியைப் போல இருந்ததால் அம்மம்மா வைத்த பெயர் அது. இந்த இனத்து ஆண் நாய் முழுதாக வளர்ந்தால் 60 முதல் 70 கிலோ வரை வரும். கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள் இவை. வலை இழுக்கவும், கரைக்குக் கயிறு கொண்டுபோகவும், தண்ணீரில் விழுந்தவர்களை இழுத்து வரவும் பயன்பட்டன. விரல்களுக்கு இடையில் தோல் இருக்கும். மேல் மயிருக்குக் கீழே தண்ணீர் எளிதில் ஊறாத இன்னொரு மயிர்ப்படை இருக்கும். கேள்வி கேட்ட தம்பி, உங்கள் வீட்டு லப்ரடோரின் மூதாதையரும் அதே தீவில் இருந்த சிறிய நீர்நாய்கள்தான். பெயரைப் பார்த்து லப்ரடோரில் இருந்து வந்தது என்று நினைக்கவேண்டாம்.

இப்படிப்பட்ட பரம்பரை என்றால் தண்ணீரைக் கண்டதும் பாயும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

முதல் பிழை

போன வருடம் பெப்ரவரியில் எட்டு வாரக் குட்டியாகக் கரடி வீட்டுக்கு வந்தான். மே மாதம் விக்டோரியா தின விடுமுறைக்குக் கவார்த்தா பக்கத்தில் ஒரு ஏரிக்கரைக் கொட்டேஜுக்கு இரண்டு குடும்பங்களாகப் போனோம். அப்போது அவனுக்கு ஐந்து மாதம். அப்பாவின் நண்பர் ஒரு மாமாவும் வந்திருந்தார். கரடி டொக்கின் ஓரத்தில் நின்று தண்ணீரை மணந்து மணந்து பார்த்தான், இறங்கவில்லை. நாங்கள் கூப்பிட்டும் இறங்கவில்லை.

"நாய்க்கு ஆர் நீச்சல் பழக்கிறது? தள்ளிவிடுங்கோ, தானா நீந்தும்" என்றார் மாமா. சொல்லி முடிப்பதற்குள் தள்ளியும் விட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் கிணற்றிலும் குளத்திலும் தன்னைத் தள்ளிவிட்டுத்தான் அண்ணன்மார் நீச்சல் பழக்கினார்கள் என்று அவரே சிரித்துச் சொல்வார். நாங்களும் அந்த நேரம் தடுக்கவில்லை. போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு நின்றோம்.

கரடி தலையோடு உள்ளே போனான். வெளியே வந்தபோது முன்னங்கால் இரண்டாலும் தண்ணீரை அடித்தான். பின்னங்கால்கள் கீழே தொங்கின. உடம்பு நெட்டாக நின்றது, முன்னே போகவே இல்லை. டொக்கில் இருந்தது ஆட்கள் ஏறும் இரும்பு ஏணி. நாயால் அதில் ஏற முடியாது. எங்கே கரை என்று அவனுக்குத் தெரியவில்லை. டொக்கின் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்பாவும் மாமாவும் படுத்துக் கையை நீட்டிக் கழுத்துப்பட்டியில் பிடித்துத் தூக்கினார்கள். மே மாதத்தில் அந்த ஏரித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனி உருகி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். நான்கு துவாயால் துடைத்தும் அவனுடைய நடுக்கம் நிற்க நீண்ட நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கரடி குளியலறைக்குள்ளும் வரவில்லை. மழை பெய்து நடைபாதையில் தேங்கி நின்ற தண்ணீரைக் கண்டால்கூடச் சுற்றிக்கொண்டு போனான். அந்த வீடியோவை நாங்கள் அழித்துவிட்டோம்.

மிருக வைத்தியர் சொன்னவை

யூன் மாதம் ஊசிக்குப் போனபோது நடந்ததைச் சொன்னோம். வைத்தியர் எங்களைப் பேசவில்லை, ஆனால் ஒரு கடதாசி எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார். அவற்றை இங்கே தருகிறோம்.

ஒன்று, தடுப்பூசி. குட்டிகளுக்கான ஊசி வரிசை வழக்கமாக 16 வாரம் அளவில்தான் முடியும். அதற்கு முன் மற்ற நாய்கள் வந்து போகும் கரைகளுக்குக் கொண்டுபோகக்கூடாது. எலி, ரக்கூன் போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கும். அது ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதர்களுக்கும் வரும். அதற்குத் தனி ஊசி உண்டு. கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளின் குப்பைப் பெட்டியை இரவில் யார் திறக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ரக்கூன் இல்லாத இடம் இங்கே இல்லை.

இரண்டு, இதயம். நியூஃபவுண்ட்லாந்து இனத்தில் இதயத்தில் இருந்து இரத்தம் வெளியேறும் வழி ஒடுங்கியிருக்கும் பிறவிக் குறை சில குட்டிகளுக்கு உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. ஓடி விளையாடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று சரிந்து விழலாம். ஆகவே நீச்சலுக்கு முன் இதயத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். கரடியின் இதயம் நன்றாக இருந்தது.

மூன்று, மூட்டு. பெரிய இனக் குட்டிகள் வேகமாகப் பாரம் வைக்கும், ஆனால் எலும்பு முற்ற நாளாகும். எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் மூட ஒன்றரை வயது அளவும் ஆகலாம், மிகப் பெரிய இனங்களில் அதற்கு மேலும் போகலாம். நீந்தும்போது உடம்பின் பாரம் மூட்டில் விழாது என்பதால் நீச்சல் இவற்றுக்கு நல்ல பயிற்சி. ஆனால் டொக்கில் இருந்து பாய்வதும், வழுக்கும் கல்லில் ஏறி இறங்குவதும், களைத்த பிறகும் நீந்துவதும் அந்த நன்மையைக் கெடுத்துவிடும். கரடி இன்றுவரை டொக்கில் இருந்து பாய்வதில்லை. நாங்கள் விடுவதும் இல்லை.

நான்கு, சாப்பாடு. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி முறுகிக்கொள்ளும் ஒரு ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போகலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நீந்த விடவேண்டாம். நீந்தி வந்த உடனேயும் பெரிய சாப்பாடு வைக்கவேண்டாம். இரண்டு பக்கமும் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

"இப்ப ஒரு மாதம் தண்ணியை மறக்க விடுங்கோ, பிறகு கணுக்கால் அளவில இருந்து தொடங்குங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

கணுக்கால் அளவில் இருந்து

யூலையில் டொலர் கடையில் சின்னப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் தடாகம் ஒன்று வாங்கிப் பின்வளவில் வைத்தோம். முதல் மூன்று நாளும் அதற்குள் தண்ணீரே விடவில்லை. உள்ளே தின்பண்டம் போட்டோம், அவன் ஏறி எடுத்துத் தின்றான். பிறகு ஒரு விரல் அளவு தண்ணீர். பிறகு கணுக்கால் அளவு. ஒரு கிழமையில் தானே போய் உள்ளே படுத்துக்கொண்டான். நாங்கள் ஒரு தடவையும் இழுக்கவில்லை. அவன் வெளியே வர நினைத்தால் வர விட்டோம். குட்டிக்கு முதலில் விளங்கவேண்டியது இதுதான்: தண்ணீரில் இருந்து எப்போதும் வெளியே வரலாம்.

இதற்கிடையில் லைஃப் ஜக்கெட் வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்கினோம். நாய்க்கான ஜக்கெட்டில் முதுகில் உறுதியான கைப்பிடி இருக்கவேண்டும். வயிற்றுக்குக் கீழே அகலமான பட்டி இருக்கவேண்டும். பட்டிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும், அதற்கு மேல் தளர்ந்தால் குட்டி உருவிக்கொண்டு போய்விடும். பெரிய இனக் குட்டி மாதத்துக்கு மாதம் வளர்வதால் ஒவ்வொரு முறையும் அளவு பாருங்கள். கரடி ஒரே கோடையில் இரண்டு அளவு மாறினான். இரண்டாவதை நாங்கள் பாவித்த பொருட்கள் விற்கும் இடத்தில் பாதி விலைக்கு எடுத்தோம்.

பிறகு ஏரி. மணல் தரை, மெல்ல மெல்ல ஆழமாகும் கரை, அலை இல்லாத காலை நேரம் என்று பார்த்துத் தெரிந்தோம். தண்ணீர் போதிய சூடா என்று பார்க்க எங்கள் வழி எளிது. நாங்கள் முழங்கால் அளவில் ஐந்து நிமிடம் நிற்போம். எங்களுக்குக் கால் விறைத்தால் அவனுக்கும் வேண்டாம். ஒன்ராறியோ ஏரியில் இதைக் கட்டாயம் பாருங்கள். யூலையிலும் காற்று ஒரு பக்கமாக அடித்தால் மேலே இருக்கும் சூடான தண்ணீர் விலகி அடியில் இருக்கும் குளிர் தண்ணீர் கரைக்கு வந்துவிடும். நேற்றுக் குளித்த இடம் இன்றைக்குப் பனிபோல இருக்கும்.

கரடியின் ஜக்கெட்டில் 10 மீற்றர் நீள மிதக்கும் கயிறு கட்டினோம். கழுத்துப்பட்டியில் கட்டக்கூடாது, இழுத்தால் கழுத்து நெரியும், தலை தண்ணீருக்குள் போகும். சுருண்டு இழுபடும் பெட்டிக் கயிறும் வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றவும் கூடாது, பெரிய நாய் இழுத்தால் விரல் போகும். நாங்கள் முன்னே நடந்தோம், அவன் பின்னே வந்தான். மார்பளவு வந்ததும் திரும்பினோம். அப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் அவனுடைய கால் தரையை விட்டது. முன்போலவே முன்னங்காலால் அடிக்கத் தொடங்கினான். நீச்சல் பழகாத நாய் எல்லாம் இப்படித்தான் செய்யும். முன்பக்கம் எழும்பும், பின்பக்கம் தாழும், சீக்கிரம் களைக்கும். இதற்குச் செய்யவேண்டியது, ஒரு கையால் ஜக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையை வயிற்றுக்குக் கீழே வைத்துப் பின்பக்கத்தை உயர்த்துவது. உடம்பு மட்டமானதும் பின்னங்கால் தானாக அடிக்கத் தொடங்கும். நாங்கள் பக்கத்தில் நின்றோம், முன்னால் நிற்கவில்லை. முன்னால் நின்றால் நகத்தால் பிறாண்டி மேலே ஏறும். முகத்தைக் கரைப்பக்கம் திருப்பித்தான் விட்டோம். இரண்டு நிமிடம் நீச்சல், பத்து நிமிடம் ஓய்வு, அதன்பிறகு இன்னொரு இரண்டு நிமிடம். அன்றைக்கு அவ்வளவுதான். இன்னும் நீந்த ஆசையாக இருக்கும்போதே நிறுத்தினோம்.

ஓகஸ்ட் நடுவில் கரடி நீந்தினான். வாலைச் சுக்கானைப்போல அசைத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, மூச்சுச் சத்தத்தோடு அவன் போவதைப் பார்க்க நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாவது பிழையை விட்டோம்.

இரண்டாவது பிழை

ஓகஸ்ட் கடைசி வாரம், அதே கொட்டேஜ். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. இடுப்பளவு தண்ணீரில்தானே நிற்கிறான் என்று அவனுக்கு லைஃப் ஜக்கெட் போடவில்லை. நாய்க்குப் போட்டிருந்தோம், பிள்ளைக்குப் போடவில்லை. கரடி கயிற்றோடு சுற்றி நீந்திக்கொண்டிருந்தான். தம்பி விளையாட்டாகத் தண்ணீரில் அடித்துச் சத்தம் போட்டான். கரடி திரும்பிப் பார்த்தான். நேராக அவனிடம் போனான்.

பரம்பரையாக ஆட்களைத் தண்ணீரில் இருந்து இழுத்து வந்த நாய் இது. அவன் காப்பாற்றப் போனானா, விளையாடப் போனானா, களைத்துப்போய்ப் பிடிக்க இடம் தேடிப் போனானா என்று எங்களுக்குத் தெரியாது. 40 கிலோவுக்கு மேல் இருந்த கரடி தம்பியின் தோளில் முன்னங்கால் இரண்டையும் போட்டான். தம்பி பின்னால் சரிந்தான். அவன் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளித் தரை சட்டென்று ஆழமாகும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அப்பா சட்டையோடு இறங்கி ஓடினார். அவருக்கு நீந்தத் தெரியாது. மூன்றாவது அடியில் அவரும் பள்ளத்துக்குள் போனார். கை எட்டிய டொக் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரையில் கயிற்றோடு நின்றவள் எங்களில் மூத்தவள். இறங்க நினைத்தாள், கால் எழவில்லை. கையில் இருந்த கயிற்றை மட்டும் இழுத்தாள். இளையவள் ஓடிவந்து சேர்ந்து இழுத்தாள். கரடி கரைக்கு வந்தான். அவனுடைய ஜக்கெட்டின் கைப்பிடியில் தம்பியின் கை இருந்தது. கைப்பிடியைப் பிடி என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் அதைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது. தம்பி இருமித் துப்பி அழுதான். தண்ணீர் குடித்த பிள்ளையை அப்படியே விடக்கூடாது என்று அம்மா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பார்த்துவிட்டுப் பிரச்சினை இல்லை என்று அனுப்பினார்கள். அன்றிரவு ஒருவரும் சாப்பிடவில்லை. அம்மாதான் பேசினார்.

"வீட்டில ஆறு பேர். நீந்தத் தெரிஞ்சது நாய் ஒண்டுதான்."

இதை நாங்கள் எழுதுவதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்டோம். அவர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். 2004 மார்கழி 26க்குப் பிறகு கடலில் கால் நனைத்ததில்லை. இங்கே வந்தும் ஏரிக்கரையில் எங்களை இறங்க விடமாட்டார். நீச்சல் வகுப்புப் படிவம் பாடசாலையில் இருந்து வந்தபோதெல்லாம் அது கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது. தண்ணீருக்குக் கிட்டப் போகாவிட்டால் பிள்ளைகள் தப்பிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். ஆனால் இந்த நாட்டில் ஏரியில்லாத கோடை இல்லை. நாங்கள் போகத்தான் செய்தோம், ஒன்றும் தெரியாமல் போனோம்.

செப்டெம்பரில் சமூக நிலையத்தில் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தோம், தம்பியும் நாங்கள் இருவரும். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் உயிர் தப்புவதற்கு என்று மூன்று திறமைகளை வகுத்திருக்கிறது. ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருதல், ஒரு நிமிடம் ஒரே இடத்தில் மிதந்து நிற்றல், 50 மீற்றர் நீந்துதல். அழகாக நீந்தத் தேவையில்லை, இவை மூன்றும் போதும் ஒரு பிள்ளை கரைக்கு வந்து சேர. தம்பி பங்குனியில் இவை மூன்றையும் செய்து முடித்தான். நாங்கள் அவனுக்குப் பிறகுதான் முடித்தோம். அப்பா இப்போது பெரியவர்கள் வகுப்பில் இருக்கிறார். அம்மா பெண்களுக்கான நேரத்தில் இரண்டு முறை வந்து தடாகத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இருந்தார். மூன்றாம் முறை இறங்கினார்.

ஏரிக்குப் போகுமுன்

கேள்வி கேட்ட தம்பிக்கும், நாய் வளர்க்கும் மற்றவர்களுக்கும், எங்கள் வீட்டுக் குளிரூட்டிக் கதவில் ஒட்டியிருப்பதை அப்படியே எழுதுகிறோம்.

நாயும் சின்னப்பிள்ளையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் வேண்டாம். நாயின் முறை முடிந்து அது கரையில் கட்டப்பட்ட பிறகு பிள்ளையின் முறை. பிள்ளைக்கும் ஜக்கெட் உண்டு.

நாய் தத்தளித்தால் பின்னால் பாயவேண்டாம். கயிற்றை இழுங்கள், தடியை நீட்டுங்கள், மிதக்கும் பொருளை எறியுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். அதனால்தான் கயிறு. குளிர்கால முடிவில் மெல்லிய பனிக்கட்டியில் நாய் விழுந்தாலும் இதே விதிதான். நீங்கள் போகவேண்டாம், 911ஐ அழையுங்கள்.

தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சைப் பாசிப்படை, பெயின்ற் ஊற்றியதுபோன்ற மேற்பரப்பு, பயற்றங்கஞ்சிபோலத் தடித்த தண்ணீர் என்றால் திரும்பி வாருங்கள். நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் நுண்ணுயிர் அது. கோடையின் பிற்பகுதியில் கூடுதலாக வரும். 2014 ஓகஸ்டில் ஈரி ஏரியில் அது பெருகியதால் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரையே குடிக்கவேண்டாம் என்று அறிவித்தார்கள். நாய்க்கு அது இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீரையும் குடிக்கும், மயிரில் ஒட்டியதையும் நக்கும். இதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. தெரியாமல் இறங்கிவிட்டால் நக்க விடாமல் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, நேரே வைத்தியரிடம் போங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

பந்து எறிந்து திரும்பத் திரும்பத் தண்ணீரில் எடுக்க விடவேண்டாம். வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் ஒவ்வொரு முறையும் தண்ணீரை விழுங்கும். அளவுக்கு மேல் போனால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மூளை வீங்கும். வயிறு ஊதுதல், வாந்தி, வாயில் எச்சில் வடிதல், தள்ளாடுதல், சோர்ந்து விழுதல் ஆகியவை கண்டால் அது அவசரம். எறியவேண்டும் என்றால் தட்டையான மிதக்கும் பொருளை எறியுங்கள், சில தடவையோடு நிறுத்துங்கள். குடிக்கக் கரையில் நல்ல தண்ணீர் வையுங்கள், தாகத்தோடு ஏரிக்குள் விடவேண்டாம்.

வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், காதின் உட்புறத்தைத் துடையுங்கள். காது தொங்கும் நாய்களுக்கு ஈரம் நின்றால் புண் வரும். தடித்த மயிரின் அடிவரை உலர்த்துங்கள். அடுத்த நாள் வால் உயிரில்லாததுபோலத் தொங்கினால் பயப்படவேண்டாம். குளிர் தண்ணீரில் கூடுதலாக நீந்திய நாய்களுக்கு வால் தசை பிடித்துக்கொள்ளும், சில நாள் ஓய்வில் சரியாகும். என்றாலும் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள். ஆனால் நீந்திய பிறகு இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

இடத்தின் விதியையும் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஆட்கள் குளிக்கும் கரையில் நாய்க்கு இடமில்லை. மற்ற இடங்களிலும் கயிறு 2 மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. சில பூங்காக்களில் நாய்களுக்கென்று தனிக் கரை உண்டு. ரொறன்ரோவில் செரி பீச்சில் நாய்களைக் கயிறில்லாமல் விடும் பகுதி இருக்கிறது. ஆனால் பழகாத குட்டிக்கு அந்தக் கூட்டம் முதல் நாளுக்கு ஏற்றதல்ல.

தம்பி, உங்கள் குட்டிக்கு நாலு மாதம். கனடா தினத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. ஊசி முடிந்ததா என்று கேளுங்கள், பிளாஸ்டிக் தடாகத்தில் தொடங்குங்கள், ஏரியில் இந்த முறை கால் நனைத்தால் போதும். அது நீந்தாவிட்டால் விடுங்கள். நீந்த விரும்பாத லப்ரடோரும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று. யூலை மாதம் வாலிபர் ஒன்றுகூடல் ஏரிக்கரையில்தான். போன வருடம் வந்த அறுபது பேரில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் பெயர் கொடுக்கும் தாளில் அந்தக் கேள்வியையும் சேர்த்திருக்கிறோம். உண்மையை எழுதுங்கள், "தெரியாது" என்று எழுதினால் யாரும் சிரிக்கப்போவதில்லை. பெற்றோரும் எழுதலாம். தெரியாது என்று எழுதுபவர்களுக்கு இலையுதிர்கால வகுப்புக்குச் சேர்ந்து பெயர் கொடுக்க ஒழுங்கு செய்கிறோம். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு நகரசபையின் உதவித் திட்டங்கள் இருக்கின்றன, படிவம் நிரப்ப நாங்கள் உதவுவோம்.

கரடியும் வருவான். கயிற்றோடு, ஜக்கெட்டோடு, பிள்ளைகள் எல்லாரும் கரையேறிய பிறகு. அவனோடு முழங்கால் அளவில் நிற்கப்போவது யார் என்று வீட்டில் கேட்டோம். அம்மா தான் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த இதழில் பகுதிநேர வேலையும் படிப்பும் பற்றி எழுதுவோம். உங்கள் கேள்விகளைத் தேநீர் மேசைப் பெட்டியில் போடுங்கள்.